இரண்டாம் உலகப்போர் ஜீப்புக்கு உதிரிபாகம்: எண், அளவு, மரை

"வில்லிஸ் ஜீப்புக்கு கிரவுன் பினியன் (ஆக்சிலுக்கு நடுவில் சக்கரங்களை ஓட்டும் பல்சக்கர ஜோடி) இருக்கா?" என்று பழைய உதிரிபாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டையிலோ டெல்லி மாயாபுரியிலோ கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். எடுத்துக் கொடுப்பது 43 பல் கிரவுனாக இருக்கும். வண்டியில் இருப்பதோ 39 பல். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மூக்கு தட்டையான ஜீப் எல்லாமே வில்லிஸ்தான்.

1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பெனி எம்பி என்ற பெயரில் ஏறத்தாழ 3.6 லட்சம் ஜீப்புகளைச் செய்தது. அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற பெயரில் ஏறத்தாழ 2.8 லட்சம் செய்தது. இந்தியாவில் 1947 முதல் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பிறகு சிஜே (போருக்குப் பின் பொதுமக்களுக்காகச் செய்த ஜீப்) வரிசையின் சிஜே-3பி வந்து பல பத்தாண்டுகள் ஓடியது. போர்க்கால ஜீப் பழுதானால் பக்கத்தில் கிடைக்கும் மஹிந்திரா பாகத்தைப் பூட்டி ஓட்டுவதுதான் வழக்கம். அதனால் இன்று கிடைக்கும் போர்க்கால ஜீப்பில் பாதி எம்பி, கால்வாசி ஜிபிடபிள்யூ, மீதி மஹிந்திரா என்று கலந்திருக்கும். என்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), முன் ஹவுசிங் (ஆக்சில் கூடு), பின் ஹவுசிங் ஐந்தையும் ஐந்து தனி வண்டிகளாக நினைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஒன்று எம்பி என்று தெரிந்ததால் அடுத்ததும் எம்பி என்று ஆகிவிடாது.

முதலில் சேஸிஸ்

முன் பம்பருக்குப் பின்னால் குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் எம்பி. கவிழ்த்த 'ப' வடிவத் தகடாக இருந்தால் ஜிபிடபிள்யூ. ஃபெண்டர், கிரில், பாடி எல்லாம் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறியிருக்கும். இந்தச் சட்டத்தை மட்டும் யாரும் வேலை மெனக்கெட்டு மாற்றுவதில்லை.

எம்பியில் சேஸிஸ் எண் ஒரு சிறு தகட்டில் இருக்கும். அந்தத் தகடு முன்பக்கம், இடது சேஸிஸின் உட்புறத்தில் ரிவெட் அடித்திருக்கும். பெரும்பாலான வண்டிகளில் தகடு போய் ரிவெட் ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். ஃபோர்டில் எண்ணை இடது சேஸிஸின் மேல்முகத்திலேயே குத்தியிருப்பார்கள். வயர் பிரஷ், பெயின்ட் ரிமூவர் இரண்டும் போதும். கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டு போகக் கூடாது, குத்திய ஆழம் குறைவு. என்ஜின் எண் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டர் டப்பாவுக்குப் பின்னால் உள்ள மேட்டில் இருக்கும். ஃபோர்டு தொழிற்சாலையை விட்டு வரும்போது என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒன்றே. வில்லிஸில் இரண்டும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறு. எனவே எம்பியில் எண் பொருந்தவில்லை என்று விலையைக் குறைத்துக் கேட்பதில் பொருள் இல்லை.

கிரில்லில் ஒன்பது வெட்டு இருந்தால் போர்க்காலம், ஏழு இருந்தால் போருக்குப் பிந்தைய சிஜே. தட்டைக் கம்பிகளை வெல்டிங் செய்த கிரில் 1941–42 காலத்து முதல் எம்பிகளில் வந்தது. அசலாகக் கிடைத்தால் பத்திரம். ஃபோர்டு தன் போல்ட் தலை, கொக்கி, பிராக்கெட் என்று சின்னச் சின்னச் சாமான்களில்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. இந்த எழுத்து இருப்பதால் அந்தப் பாகம் ஃபோர்டு என்றுதான் தெரியும், வண்டி ஃபோர்டு என்று ஆகாது. ராணுவப் பட்டறைகளிலேயே பாகங்களைக் கலந்துதான் பூட்டினார்கள்.

பாகம் தேடும் முன் ஆர்சியில் உள்ள எண்களோடு சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் ஒப்பிட்டுவிடுங்கள். 2021-இல் வந்த விதியின்படி 50 ஆண்டுக்கு மேலான வண்டியை மாற்றம் செய்யாத அசல் நிலையில் 'விஏ' வரிசையில் பதிவு செய்யலாம். டீசல் என்ஜின் ஏற்றிய சேஸிஸை வைத்துக்கொண்டு அந்த வழிக்குப் போக முடியாது. இன்னொன்று: ராணுவத்தின் ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்க மோட்டார் வாகன விதி 121 தடை போடுகிறது. பெயின்ட் டின் வாங்குவதற்கு முன்பே இது தெரிந்திருக்கட்டும்.

என்ஜின்: செயினா, கியரா?

போர்க்கால ஜீப்பின் என்ஜின் எல்-134. போர் 3.125 அங்குலம், ஸ்ட்ரோக் 4.375 அங்குலம், நாலு சிலிண்டர், 2.2 லிட்டர், வால்வு பிளாக்கிலேயே பக்கவாட்டில். மஹிந்திராவின் பெட்ரோல் சிஜே-3பியில் இருப்பது எஃப்-134. போரும் ஸ்ட்ரோக்கும் அதேதான், ஆனால் இன்டேக் வால்வு ஹெட்டுக்கு ஏறிவிட்டது. கிராங்க் ஜர்னல் அளவும் இரண்டுக்கும் ஒன்றே: மெயின் 2.334 அங்குலம், கனெக்டிங் ராடு 1.9375 அங்குலம். எனவே பேரிங் ஷெல்லை மஹிந்திரா பெட்ரோல் ஜீப் பெயரில் தைரியமாக வாங்கலாம். ஆனால் முதலில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். இந்தக் கிராங்குகளில் பல ஏற்கெனவே 10, 20, 30 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அண்டர்சைஸுக்கு கிரைண்டிங் ஆனவை. ஜர்னலுக்கு ஜர்னல் வேறு அண்டர்சைஸ் இருப்பதும் உண்டு.

இந்த என்ஜினில் காசு கரையும் இடம் டைமிங்தான். போர்க்கால என்ஜினில் கேம் ஷாஃப்டைச் செயின் ஓட்டுகிறது. போருக்குப் பின் சிஜே-2ஏ தயாரிப்பின் நடுவில் அதைக் கியராக மாற்றினார்கள். செயின் என்றால் கேம் கிராங்க் சுற்றும் திசையிலேயே சுற்றும். இரண்டு கியர் கடித்தால் எதிர்த்திசை. டிஸ்ட்ரிபியூட்டர் இரண்டிலும் ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்பதால் ஆயில் பம்பை ஓட்டும் பல்லின் சாய்வையே மாற்றிவிட்டார்கள். ஆகவே கேம், ஆயில் பம்ப், முன்கவர் மூன்றும் ஒரே செட். செயின் என்ஜினில் கியர் கேமுக்கான பம்பை வைத்தால் பல் பல்லோடு உட்காராது. தட்டி இறக்கினால் கேமின் பல் போய்விடும். அது போனால் கேமே போனது.

எது இருக்கிறது என்று பார்க்க முன்கவரைக் கழற்ற வேண்டியதில்லை. ஃபூயல் பம்பைக் கழற்றுங்கள், இரண்டு போல்ட்தான். அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து, ஒருவர் கிராங்க் கைப்பிடியால் மெதுவாகச் சுற்ற, கேமின் எக்சென்ட்ரிக் (ஃபூயல் பம்பைத் தள்ளும், மையம் விலகிய வட்டம்) எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கிராங்கோடு போனால் செயின், எதிரே வந்தால் கியர். இதை எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஆயில் பம்புக்கு ஆர்டர்.

அடுத்தது ஃப்ளைவீலின் ரிங் கியர். போர்க்கால 6 வோல்ட் வண்டியில் 97 பல். பிற்கால ஃப்ளைவீல்களில் 124-ம் உண்டு, 12 வோல்ட்டில் 129-ம் உண்டு. செல்ஃப் மோட்டாரின் பினியன் இதற்கு ஏற்ப மாறும். வெளியே பார்த்தால் மோட்டார் உட்காரும், போல்ட்டும் பொருந்தும், பல் மட்டும் கடிக்காது. பத்து நாளில் ரிங் கியர் ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளமாகிவிடும். பல்லை எண்ணும்போது ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து எண்ணுங்கள். அதன் பிறகு மோட்டார் தேடுங்கள்.

வண்டி 6 வோல்ட்டிலேயே இருக்கிறது என்றால் செல்ஃப் மந்தமாகச் சுற்றுவதற்கு மோட்டாரைக் குறை சொல்லும் முன் பேட்டரி கேபிளைப் பாருங்கள். இன்று கடையில் தொங்கும் ரெடிமேட் கேபிள் 12 வோல்ட்டுக்கானது. 6 வோல்ட்டில் அதே வேலைக்குக் கரன்ட் இரண்டு மடங்கு. பழைய பருமனான கேபிளையே, முடிந்தால் அதைவிடத் தடிமனானதை, போடுங்கள். எர்த் பட்டையின் இரு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும்.

கார்புரேட்டர் அசலில் கார்ட்டர் டபிள்யூஓ 539எஸ். இன்று வருபவை பெரும்பாலும் புதிய வார்ப்பு நகல்கள். வாங்கியதும் பூட்டாதீர்கள். த்ராட்டில் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், புதிதிலேயே ஆட்டம் இருந்தால் ஐடிலிங் என்றைக்கும் நிற்காது. ஃப்ளோட் மட்டத்தை 3/8 அங்குலத்துக்கு வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். நகல் கார்புரேட்டர் "ஓவர்ஃப்ளோ ஆகுது" என்று வரும் புகாரில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையில் முடிந்துவிடும்.

கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும்

எம்பி, ஜிபிடபிள்யூ இரண்டிலும் டி-84 என்ற மூன்று கியர் பெட்டி. மெலிந்த பல், சிறிய பேரிங். சிஜேயிலும் மஹிந்திராவிலும் வந்த டி-90 கொஞ்சம் கனமானது, அதனால் அடிக்கடி இதைத்தான் ஏற்றியிருப்பார்கள். பெட்டியைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். டிரான்ஸ்ஃபரை ஹையில், டூ வீலில் வைத்து, முதல் கியர் போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிராங்கைச் சுற்றுங்கள். பின் புரொபெல்லர் ஷாஃப்ட் மூன்று சுற்று போக டி-84-இல் கிராங்க் சரியாக 8 சுற்று, டி-90-இல் 8-ஐத் தாண்டி இன்னும் ஏறத்தாழ அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். சாக்பீஸ் கோடு இரண்டு பக்கமும் வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஸ்பைசர் 18. தோட்டத்து ஜீப் வரை இதே பெயர் தொடர்வதால்தான் ஏமாற்றம் அதிகம். நடு கியர் ஓடும் இன்டர்மீடியட் ஷாஃப்ட்டின் விட்டம் போர்க்காலத்தில் 3/4 அங்குலம், பிறகு 1 1/8, அதற்கும் பிறகு 1 1/4. லோ கியர் விகிதம் எம்பியில் 1.97, சிஜே-2ஏயில் 2.43, பிந்தையதில் 2.46. முன்பக்கம் கியர்பாக்ஸ் பேரிங் நுழையும் துவாரமும் 3.15 அங்குலத்தில் ஒன்று, 4 அங்குலத்தில் ஒன்று. "ஸ்பைசர் 18 இன்டர்மீடியட் கிட்" என்று மட்டும் எழுதி வரவழைத்தால் மூன்றில் ஒன்றுதான் சரியாக வரும். ஷாஃப்ட்டைத் தட்டி எடுத்து வெர்னியர் வைத்த அளவு, கியர் பல் எண்ணிக்கை, துவாரத்தின் விட்டம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். ஷாஃப்ட் தேய்ந்து, கேஸின் துவாரமும் முட்டை வடிவமாகியிருந்தால் புது ஷாஃப்ட் போட்டும் பின்பக்கம் ஆயில் கசியும். கேஸைப் போர் செய்து புஷ் அடிப்பது லேத்காரர் செய்யக்கூடிய வேலைதான். இரண்டு முனைத் துவாரமும் ஒரே செட்டிங்கில் முடிய வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

ஹவுசிங்: இரண்டு சுற்றில் பதில்

எம்பி, ஜிபிடபிள்யூ முன்னும் பின்னும் 39/8 (கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல்), அதாவது 4.88. சிஜே, மஹிந்திரா 43/8, அதாவது 5.38. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை. டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில். தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றினால் புரொபெல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குச் சற்று முன் நின்றால் 4.88, ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் 5.38. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும் வண்டிகள் நிறைய. டூ வீலில் மட்டும் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்ட அன்று ஸ்டியரிங் இறுகும், லீவரை வெளியே எடுக்க முடியாது, டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும்.

பின் சக்கர மையத்தையும் பாருங்கள். ஆறு போல்ட் போட்ட வட்டத் தகடு இருந்தால் எம்பி காலத்து முழு ஃப்ளோட்டிங் ஹவுசிங். நடுவில் ஒரே பெரிய நட்டும் காட்டர் பின்னும் இருந்தால் பிந்தைய அரை ஃப்ளோட்டிங். பேரிங், ஆயில் சீல், டிரம், ஆக்சில் எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

முன் ஆக்சிலின் உள் ஜாயின்ட் போர்க்கால வண்டிகளிலேயே நான்கு வகை: செப்பா, பென்டிக்ஸ்-வைஸ், டிராக்டா, ஸ்பைசர். கூண்டுக்குள் ஆறு குண்டு என்றால் செப்பா. நாலு குண்டும் நடுவில் ஒன்றும் என்றால் பென்டிக்ஸ். குண்டே இல்லாமல் இரண்டு கட்டை ஒன்றுக்குள் ஒன்று வழுக்கினால் டிராக்டா. சாதாரண சிலுவை வகை ஸ்பைசர். டிராக்டாவுக்கு உள்ளே வரும் புஷ்ஷும் தனி என்பதால் ஆக்சிலை மட்டும் மாற்றிப் பூட்டினால் உராய்ந்து சூடாகும். இடது வலது இரண்டும் ஒரே வகையா என்று இரண்டையும் உருவிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

நிம்மதியான செய்தி பேரிங்கில் இருக்கிறது. எண்பது வருடத்துக்கு முந்தைய டிம்கென் எண் இன்றும் உயிரோடு இருக்கிறது. வீல் பேரிங் கோன் 18590, கப் 18520. உள்பேரிங்கும் வெளிபேரிங்கும் ஒன்றே. சக்கரத்துக்கு இரண்டு வீதம், நாலு சக்கரமும் முழு ஃப்ளோட்டிங் என்றால் எட்டு செட். உள் விட்டம் 41.275 மி.மீ., வெளி விட்டம் 73.025 மி.மீ. கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் கோன் 11590, கப் 11520, நாலு செட். இவற்றுக்கு ஜீப் கடை தேவையில்லை, நல்ல பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் போதும். அங்கே 'ஜீப்' என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள், வேறு எதையாவது எடுத்து வருவார்கள். கோனை மட்டும் மாற்றிப் பழைய கப்பை விடுவது வேண்டாம். கிங்பினுக்கு ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) வைக்கும்போது ஆயில் சீல் பூட்டாமல், ஸ்டியரிங் ஆர்மின் முனையில் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுங்கள். 4 முதல் 6 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.8 முதல் 2.7 கிலோவில் நகர வேண்டும். இதைவிடத் தளர்ந்தால் 60 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறும் வியாதி வரும்.

பிரேக்கில் ஒரு எச்சரிக்கை. 9 அங்குல டிரம், மாஸ்டர் சிலிண்டர் 1 அங்குலம், முன் வீல் சிலிண்டர் 1 அங்குலம், பின் வீல் சிலிண்டர் 3/4 அங்குலம். நாலுக்கும் ஒரே சிலிண்டரைக் கட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. பின்னாலும் 1 அங்குலம் போட்டால் ஈரச் சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். சிலிண்டரின் உள்விட்டத்தைக் கடையிலேயே அளந்து வாங்குங்கள்.

இரண்டரை நூல் போல்ட்

ஹார்டுவேர் கடையில் 'இரண்டரை நூல்' என்றால் 5/16 அங்குலம், 'மூணு நூல்' என்றால் 3/8. அது தடிமனைத்தான் சொல்கிறது, மரையைச் சொல்வதில்லை. ஜீப் முழுக்க அமெரிக்க மரை, 60 டிகிரி. பிரிட்டிஷ் விட்வொர்த் மரை 55 டிகிரி. 5/16-இல் இரண்டிலும் அங்குலத்துக்கு 18 மரைதான், அதனால் நட் ஏறிவிடும். ஏறுவதால் சரி என்று நினைப்பார்கள். பிடிப்பு மரையின் ஓரத்தில் மட்டும் இருக்கும், கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். 1/2 அங்குலத்தில்தான் வித்தியாசம் வெளியே தெரியும்: அமெரிக்க கோர்ஸ் 13, விட்வொர்த் 12. ஃபைனில் 5/16-க்கு அமெரிக்கம் 24, பிரிட்டிஷ் 22. எம் 8 மெட்ரிக் போல்ட்டை 5/16 துவாரத்தில் அடித்து ஏற்றியவர்கள் வரலாற்றில் ஏராளம். ஒரு திரெட் கேஜ் வாங்கிவிடுங்கள், விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்காசு.

இடப்பக்க வீல் ஸ்டட் இடது மரை. அதை மறந்து நாலு அடிக் குழாய் போட்டு உடைத்த ஸ்டட்டுகளை எந்த ஜீப் ஹப்பிலும் பார்க்கலாம். பட்டைச் சுருளைச் (லீஃப் ஸ்பிரிங்) சேஸிஸோடு இணைக்கும் 'யூ' வடிவ ஷாக்கிலிலும் இதே விஷயம்தான். சிலவற்றில் ஒரு முனை இடது மரை. அந்த ஷாக்கிலின் கீழ்த்தண்டில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதற்கான புஷ்ஷின் அறுகோணத் தலையைச் சுற்றி ஒரு வரிக்கோடு வெட்டியிருக்கும். கோடு இல்லாதது வலது மரை. கழற்றும்போதே இரண்டையும் தனித்தனிப் பையில் போடுங்கள்.

எண்ணைப் படிப்பது

அமெரிக்க ராணுவம் ஒவ்வொரு வண்டி வகைக்கும் ஒரு ஜி எண் கொடுத்தது. ஜீப்புக்கு ஜி-503. டாட்ஜ் முக்கால் டன்னுக்கு ஜி-502, ஜிஎம்சி இரண்டரை டன்னுக்கு ஜி-508. பழைய பொட்டலத்தின் மேல் ஜி-503 என்று இருந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஜி-503 பாகப் பட்டியல், பராமரிப்புக்கு டிஎம் 9-803, என்ஜினுக்கு டிஎம் 9-1803ஏ, பவர் டிரெய்னுக்கும் பாடிக்கும் டிஎம் 9-1803பி: இந்த நாலும் ஸ்கேன் பிரதிகளாகக் கிடைக்கின்றன.

ஒரே பாகத்துக்கு வில்லிஸ் எண் ஒன்று, பெரும்பாலும் 'ஏ' என்ற எழுத்தோடு. ஃபோர்டு எண் ஒன்று, முன்னால் ஜிபிடபிள்யூ. ஃபோர்டு எண்ணில் ஒரு வசதி உண்டு, நடுவில் உள்ள எண்ணே பாகம் எது என்று சொல்லிவிடும். 2140 மாஸ்டர் சிலிண்டர், 9350 ஃபூயல் பம்ப், 9510 கார்புரேட்டர், 11002 செல்ஃப் மோட்டார். 1000 வரிசை வீல், 2000 பிரேக், 6000 என்ஜின், 7000 கியர்பாக்ஸ், 8000 கூலிங். துருப்பிடித்த சாமானில் நடு எண் மட்டும் தெரிந்தாலும் போதும். 1974-க்குப் பிறகு வந்த பொட்டலங்களில் 13 இலக்க எண் இருக்கும். முதல் நாலு இலக்கம் வகை: 2530 பிரேக், ஸ்டியரிங், ஆக்சில், 2910 ஃபூயல், 3110 பேரிங். கடைசி ஒன்பது இலக்கம்தான் பாகம். தேடும்போது அந்த ஒன்பதை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

எங்கே, எதை

போர்க்காலத்துப் பிரிக்காத பொட்டலம் என்றதும் மயங்க வேண்டாம். கியர், ஷாஃப்ட், புஷ், பேரிங் என்றால் வாங்கலாம். மெழுகுபோல உறைந்த கிரீஸை மண்ணெண்ணெயில் கரைத்து, பேரிங் உருளைகளில் கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், புள்ளி இருந்தால் ஓடும்போது இரைச்சல் நிச்சயம். ரப்பர் என்றால், அதாவது பிரேக் ஹோஸ், வாஷர், டயஃப்ரம் எல்லாம், அளவு பார்க்க மாதிரியாக மட்டும் பயன்படும். பழைய கண்டென்சரும் அப்படியே.

பாடி தொட்டியும் தகட்டுச் சாமானும் பிலிப்பைன்ஸில் புதிதாகச் செய்கிறார்கள், அதுதான் உலகம் முழுக்கப் போகிறது. ஆர்டர் போடும்போது எம்பியா ஜிபிடபிள்யூவா என்று சொல்ல வேண்டும், பிராக்கெட் விவரங்கள் வேறு. நம்மூரில் புஷ், ஷாக்கில் பின், ஸ்பேசர் போன்றவற்றைக் கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் மாதிரி கொடுத்துச் செய்யலாம். கிரவுன் பினியன், கியர், ஆக்சில் வேண்டாம்: வெட்டுவது எளிது, அதற்குப் பிறகான கேஸ் ஹார்டனிங் ஆழம் தவறினால் முதல் ஏற்றத்திலேயே பல் உதிரும். கம்பம், போடி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஓடும் ஜீப்புகளைப் பார்க்கும் பட்டறைகளில் ஸ்பைசர் 18 உள்பாகம், முன் ஹப் போன்றவை நிறைய இருக்கும். 5.38 வண்டிக்கு அவை தங்கம், 4.88-க்கு வெர்னியரோடு போங்கள். ஸ்டியரிங் பாக்ஸ் மட்டும் அங்கே தேடிப் பயனில்லை. போர்க்கால ஜீப் எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங், நம்மூர் மஹிந்திரா வலப்பக்கம்.

காயலான் கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கழுவிக் கையோடு எடுத்துப் போங்கள். தூரத்து விற்பனையாளருக்கு அனுப்பும் படத்தில் மூன்று இருக்க வேண்டும்: வெர்னியர் வாயில் பிடித்த பாகம், பல் எண்ணிக்கையும் மரையும் எழுதிய சீட்டு, வார்ப்பில் உள்ள எண் சாய்வான வெளிச்சத்தில். எண் தெரியவில்லை என்றால் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்துவிட்டு எடுங்கள், பள்ளத்தில் வெள்ளை நிற்கும். புதியது பூட்டி 500 கி.மீ. ஓடும்வரை பழையதை எடைக்குப் போடாதீர்கள். அளவு தவறியிருந்தால் மறுபடி அளக்க அது ஒன்றுதான் மிச்சம்.